கார்ட்டரைத் தோற்கடித்தது தெஹ்ரானா, பெட்ரோல் வரிசையா, பிரசங்க மேடையா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தேசியத் தேர்தலில் மக்கள் உண்மையில் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள்? மதத்தையா, விலைவாசியையா, வெளியுறவையா? 1980-ல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஈரான் பணயக் கைதிகள் விவகாரத்தால்தான் தோற்றார் என்று படித்தேன். அது சரியா?"

பாதி சரி. அந்தப் பாதியும் வழக்கமாகச் சொல்லப்படுகிற விதத்தில் சரியில்லை. நல்ல வேளையாக, நீங்கள் எடுத்திருக்கும் உதாரணம் அருமையான உதாரணம். மூன்று விஷயங்களும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் தலையில் வந்து இறங்கிய தேர்தல் அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தோல்வியின் அளவு. 1980 நவம்பர் 4 அன்று நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைப்பவை, அதிபரைத் தீர்மானிப்பவை இவைதான்). பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கு 49. ஐம்பது மாநிலங்களில் ஆறும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே அவர் பக்கம் நின்றன. மக்கள் வாக்கில் ரீகனுக்கு ஏறக்குறைய 51 சதவீதம், கார்ட்டருக்கு 41, சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சனுக்கு 6.6. கூடவே செனட்டில் குடியரசுக் கட்சி 12 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு பெரும்பான்மை பெற்றது. இத்தனை பெரிய சரிவுக்கு ஒற்றைக் காரணம் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அன்று கண்ணில் பட்டது ஈரான். ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியில் அதுதானே ஓடியது.

ஆனால் ஈரான் கார்ட்டருக்கு முதலில் செய்தது உதவி. இதை மறந்துவிடுகிறார்கள்.

1979 இலையுதிர் காலத்தில் கார்ட்டர் சொந்தக் கட்சியிலேயே செல்லாக்காசு. செனட்டர் எட்வர்ட் கென்னடி அவரை எதிர்த்துக் கட்சி வேட்பாளர் போட்டியில் இறங்கப்போகிறார் என்று ஊருக்கே தெரியும். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் கென்னடி வெகு தூரம் முன்னால் இருந்தார். அக்டோபரில், நாட்டைவிட்டு ஓடிய ஈரான் மன்னர் ஷாவைச் சிகிச்சைக்காக நியூயார்க் வர கார்ட்டர் அனுமதித்தார். நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களைப் பணயக் கைதிகளாகப் பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து கென்னடி தன் போட்டியை அறிவித்தார். அதைவிட மோசமான நேரம் அவருக்கு அமைந்திருக்க முடியாது. ஆபத்துக் காலத்தில் அதிபரின் பின்னால் அணிதிரள்வது அமெரிக்கர்களின் வழக்கம். முப்பது சதவீதத்தை ஒட்டிக் கிடந்த கார்ட்டரின் செல்வாக்கு சில வாரங்களில் இரு மடங்கை நெருங்கியது. டிசம்பரில் கென்னடி ஷாவைக் கடுமையாக விமர்சித்தபோது, எதிரிக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று அவர்மீதே பாய்ந்தார்கள். கார்ட்டர் பிரசாரத்துக்கே போகவில்லை. நெருக்கடி தீரும்வரை வெள்ளை மாளிகையைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே மாநிலம் மாநிலமாக வென்றார். அவருக்கு வேட்பாளர் பதவியை வாங்கிக் கொடுத்ததில் ஈரான் புரட்சியின் தலைவர் ஆயத்துல்லா கொமேனிக்குப் பெரும் பங்கு உண்டு என்று சொன்னால் அது வேடிக்கைப் பேச்சு அல்ல.

அதே தூண்டில்தான் பிறகு தொண்டையில் மாட்டியது. வெளியே போகாமல் இருந்ததால் நெருக்கடியும் அதிபரும் ஒன்றாகிவிட்டார்கள். செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் ஒவ்வொரு நாளும் செய்தி முடிவில் இது இத்தனையாவது நாள் என்று சொல்லி முடித்தார். ஏபிசி தொலைக்காட்சி இரவுச் செய்திக்குப் பிறகு இதற்கென்றே தனி நிகழ்ச்சி தொடங்கியது. 1980 ஏப்ரல் 24 அன்று மீட்பு முயற்சி ஈரானியப் பாலைவனத்தில் சிதறியது. அனுப்பிய எட்டு ஹெலிகாப்டர்களில் ஐந்துதான் வேலைக்கு ஆனது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தின் மீது மோதி எட்டுப் படைவீரர்கள் இறந்தார்கள். தொடக்கத்திலிருந்தே இந்த முயற்சியை எதிர்த்த வெளியுறவுச் செயலர் சைரஸ் வான்ஸ் பதவி விலகினார். அதன்பின் நாள்களை எண்ணுவதன் பொருள் மாறியது. முன்பு அது நாட்டின் துயரக் கணக்கு. இப்போது அதிபரின் கையாலாகாத்தனத்தின் கணக்கு.

இனி வீட்டுக்குள் வருவோம். 1980-ல் அமெரிக்காவின் சராசரிப் பணவீக்கம் 13.5 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டு 11.3. இரண்டு ஆண்டுகளில் நூறு டாலர் மளிகைக் கணக்கு ஏறத்தாழ 126 டாலர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் தங்கள் மிக நம்பகமான வாடிக்கையாளர்களிடம் வாங்கும் வட்டியே ஏப்ரலில் 20 சதவீதத்தைத் தொட்டது. சாதாரணக் குடும்பம் வீட்டுக் கடனுக்கு வங்கிப் படி ஏறவே பயந்தது. ஆண்டின் நடுவில் வேலையின்மை 7.8 சதவீதம். கிரைஸ்லர் கார் நிறுவனம் அரசு கடன் உத்தரவாதம் கொடுத்ததால் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் பக்கத்துத் தொழிலாளர்கள், தாத்தா காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தவர்கள், முதன்முறையாக மறுபக்கம் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

இந்த விலையேற்றம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி எழுபதுகள் முழுக்கச் சேர்ந்துகொண்டே வந்த பழைய சுமை. கார்ட்டர் அதைச் சுமக்க நேர்ந்தவர். இன்னொரு பகுதி ஈரான். ஷா வீழ்ந்த புரட்சியில் ஈரானின் எண்ணெய் உற்பத்தி சரிய, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. 1979 கோடையில் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் தெருக்களைத் தாண்டி வரிசை கட்டி நின்றன. கலிஃபோர்னியாவில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல் போட்டார்கள். ஆக, தூதரகம் பிடிபடுவதற்கு நான்கைந்து மாதம் முன்பே ஈரான் அமெரிக்கக் குடும்பத்தின் பையில் கைவைத்துவிட்டது. வெளியுறவு, பொருளாதாரம் என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, எது கனம் என்று நிறுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

பெட்ரோல் வரிசைகளின் உச்சத்தில், 1979 ஜூலை 15 இரவு, கார்ட்டர் நாட்டுக்கு ஆற்றிய உரை ஒன்று உண்டு. எரிசக்தியைப் பற்றிப் பேச வந்தவர் பாதி நேரம் ஆன்மாவைப் பற்றிப் பேசினார். பொருள்களைச் சேர்ப்பதும் நுகர்வதும் வாழ்க்கையின் வெறுமையை நிரப்பாது, நாட்டுக்கு வந்திருப்பது நம்பிக்கையின் நெருக்கடி என்றார். தேர்தலுக்கு ஓராண்டு இருக்கையில் வாக்காளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் துணிச்சல் எந்த அரசியல்வாதிக்கு வரும்? ஓய்வுநாள் பள்ளி வாத்தியாருக்குத்தான் வரும். ஜார்ஜியாவின் பிளெயின்ஸ் ஊர்க்காரரான கார்ட்டர் இளவயதிலிருந்தே வேதபாடம் நடத்தியவர். அந்த உரை அன்றிரவே மண்ணைக் கவ்வியது என்று எழுதுவார்கள், அது தவறு. மக்கள் அதை விரும்பினார்கள், கணிப்பில் அவர் செல்வாக்கு ஏறியது. இரண்டு நாள் கழித்து மொத்த அமைச்சரவையிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டு, ஆட்சியே ஆட்டம் காண்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்கியதில்தான் கிடைத்ததெல்லாம் கரைந்தது.

பணவீக்கத்தை அடக்க அவர் 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராக்கினார். வோல்க்கர் பணப்புழக்கத்தை இறுக்கினார், வட்டி விண்ணைத் தொட்டது, 1980 முதல் பாதியில் மந்தம் வந்தது. கசப்பு மருந்தை ஊட்டியவர் கார்ட்டர். குணமானபோது பக்கத்தில் இருந்தவர் ரீகன். 1983-ல் பணவீக்கம் 3.2 சதவீதம்.

இன்னொரு குறும்பையும் சொல்ல வேண்டும். 1976 பிரசாரத்தில் பணவீக்க விகிதத்தையும் வேலையின்மை விகிதத்தையும் கூட்டி ஒரு எண்ணாக்கி, அதைக் காட்டி அதிபர் ஃபோர்டை அடித்தவர் இதே கார்ட்டர். அன்று அந்த எண் 13 வாக்கில் இருந்தது. 1980-ல் அது 20-ஐத் தாண்டியது. ரீகன் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கார்ட்டரின் எடைக்கல்லை எடுத்து அவரையே எடைபோட்டார்.

அக்டோபர் 28 அன்று கிளீவ்லாந்தில் நடந்த ஒரே நேரடி விவாதத்தின் முடிவில் ரீகன் கேட்ட கேள்வி உலகப் புகழ் பெற்றது: "நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இன்று நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?" இதைப் பொருளாதாரக் கேள்வி என்றே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அங்கே நிறுத்தவில்லை. கடையில் சாமான் வாங்குவது எளிதாகியிருக்கிறதா, வேலையின்மை கூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், உலகம் அமெரிக்காவை முன்போல மதிக்கிறதா, நாடு முன்போலப் பாதுகாப்பாக இருக்கிறதா என்றும் கேட்டார். மளிகைக் கடையையும் தெஹ்ரானையும் ஒரே வாக்கியக் கோவையில் கட்டினார். என் பார்வையில் அந்தத் தேர்தலின் சூட்சுமம் அந்தக் கட்டில் இருக்கிறது. வாக்காளர் இரண்டு தனித்தனிப் புகார்களோடு சாவடிக்குப் போகவில்லை. "இந்த மனிதருக்குப் பிடி தளர்ந்துவிட்டது" என்ற ஒரே எண்ணத்தோடு போனார். அதுவரை அவர்களைத் தடுத்தது ரீகன் போர் மூட்டிவிடுவாரோ என்ற அச்சம். தொண்ணூறு நிமிடம் அவர் நிதானமாக, சிரித்த முகமாக நின்றதும் அந்த அச்சம் தளர்ந்தது.

மதம்? இங்குதான் கதை எல்லோரும் நினைப்பதைவிடச் சிக்கலானது.

1976-ல் பக்தரான வேட்பாளர் யார் என்று கேட்டால் பதில் கார்ட்டர். தான் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். நம் ஊரில் 'இரட்சிக்கப்பட்டவர்' என்று சாட்சி சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான். அவருடைய சபைப் பிரிவான தென் மாநில பாப்டிஸ்டுகள் தம்மவர் ஒருவர் வெள்ளை மாளிகை போகிறார் என்று மகிழ்ந்தார்கள். ரீகனோ விவாகரத்தானவர், ஹாலிவுட் நடிகர், கோயிலுக்கு அதிகம் போகாதவர். கலிஃபோர்னியா ஆளுநராக 1967-ல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர். நான்கே ஆண்டில் வெள்ளையினச் சுவிசேஷ சபையினரின் பெரும்பான்மை ஓய்வுநாள் பள்ளி வாத்தியாரை விட்டுவிட்டு நடிகரிடம் போனது எப்படி?

கருக்கலைப்பு என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது வழக்கம். கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தவுடனே சபைகள் கொதித்தெழுந்தன என்பது பிற்காலத்தில் எழுதிக்கொண்ட வரலாறு. தென் மாநில பாப்டிஸ்ட் பேரவை 1971-ல் சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. அந்நாள்களில் அது கத்தோலிக்கர்களின் விவகாரமாகப் பார்க்கப்பட்டது. சபைகளை உண்மையில் உலுக்கியதில் வரித்துறைக்குப் பெரிய பங்கு உண்டு. அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்புகளுக்குப் பிறகு, தெற்கில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் மழைக்காளான்போல முளைத்தன. இனப் பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்பது சட்டமானது. 1978-ல் வரித்துறை, சிறுபான்மை மாணவர்களைச் சேர்க்க முயன்றோம் என்று இப்பள்ளிகளே நிரூபிக்க வேண்டும் என்ற விதியை முன்மொழிந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட கண்டனக் கடிதங்கள் வாஷிங்டனில் குவிந்தன. பள்ளி நடத்துகிறவர்களில் பலருக்கு இனவெறி; பலருக்கு, பிரார்த்தனை இல்லாத அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்ற நேர்மையான நம்பிக்கை. இரு சாராருக்கும் எதிரி ஒன்றானது: கார்ட்டரின் அரசு. பழமைவாத அரசியல் அமைப்பாளர் பால் வேரிச் போன்றவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

வர்ஜீனியாவின் லின்ச்பர்க்கில் தொலைக்காட்சி ஊழியம் நடத்திவந்த ஜெர்ரி ஃபால்வெல் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' (ஒழுக்கப் பெரும்பான்மை) அமைப்பைத் தொடங்கினார். 1965-ல் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் போதகர்கள் ஊர்வலம் போனபோது, போதகனின் வேலை ஆத்துமாக்களை ஆதாயம் செய்வது, அரசியல் செய்வதல்ல என்று பிரசங்கித்தவர் இவர்தான். பதினான்கு ஆண்டுகளில் அழைப்பு மாறிவிட்டது.

1980 ஆகஸ்டில் டல்லாஸ் நகரின் பெரிய உள்ளரங்கில் ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடினார்கள். சபைகளுக்கு வரிவிலக்கு இருப்பதால் அவர்கள் எந்த வேட்பாளரையும் அதிகாரபூர்வமாக ஆதரிக்க முடியாது. ரீகன் மேடையேறி, உங்களால் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அரங்கம் எழுந்து நின்றது. கார்ட்டர் நான்கு ஆண்டுகளாக அவர்களைப் போலவே ஜெபித்தார். ஆனால் அரசு வேறு சபை வேறு என்ற பழைய பாப்டிஸ்ட் கொள்கையில் உறுதியாக நின்று, மேடையில் அவர்களுக்கு இடம் தரவில்லை. அவர்கள் கேட்டது தம்மைப் போன்ற ஒருவரை அல்ல, தமக்காகப் பேசும் ஒருவரை. இந்த வேறுபாட்டைக் கார்ட்டர் கடைசிவரை புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அதே கூட்டத்தில்தான் தென் மாநில பாப்டிஸ்ட் பேரவையின் தலைவர் பெய்லி ஸ்மித், யூதரின் ஜெபத்தைக் கடவுள் கேட்பதில்லை என்று பேசிவைத்தார். ரீகன் அதிலிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் யூத வாக்கில் அடி விழுந்தது கார்ட்டருக்குத்தான். கேம்ப் டேவிட்டில் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் உடன்பாடு செய்து வைத்தவர் அவர். இருந்தும், 1980 மார்ச் 1 அன்று இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கு அமெரிக்கா ஆதரவாக வாக்களித்தது. இரண்டு நாளில், தகவல் பரிமாற்றத்தில் தவறு நடந்துவிட்டது என்று வெள்ளை மாளிகை பின்வாங்கியது. இரு தரப்பிலும் கெட்ட பெயர். அம்மாத இறுதியில் நியூயார்க்கில் நடந்த கட்சி வேட்பாளர் போட்டியில் கென்னடி வென்றார். நவம்பரில் யூத வாக்காளர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கார்ட்டருக்கு வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு அது அரிய இழப்பு. இது மத வாக்கா, வெளியுறவு வாக்கா? நீங்களே சொல்லுங்கள். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததற்காக 1980 ஜனவரியில் ரஷ்யாவுக்குத் தானியம் விற்கத் தடை போட்டாரே, அதில் கோபமடைந்த விவசாயியின் வாக்கை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

சரி, மதம் எத்தனை மாநிலங்களை மாற்றியது? ஒரு கூட்டல் போட்டுப் பார்க்கலாம். டென்னசி, அர்கன்சா, அலபாமா, மிசிசிப்பி, கென்டக்கி, தென் கரோலினா, வட கரோலினா ஆகிய ஏழிலும் கார்ட்டர் சுமார் இரண்டு சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் பின்தங்கினார். பாப்டிஸ்டுகள் நிறைந்த மண். சபைகள் திரும்பியிராவிட்டால் இவை அவருடையவை என்று வாதிட இடமுண்டு. அப்படியே கொடுத்துவிடுவோம். ஏழுக்கும் சேர்த்து 62 தேர்வாளர் வாக்குகள். கார்ட்டரின் 49-உடன் கூட்டினால் 111. வெற்றிக்கு வேண்டியது 270. இன்னொரு பக்கம், சுவிசேஷ சபையினர் மிகக் குறைவான நியூயார்க்கையும், கென்னடியின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸையும்கூட ரீகன் வென்றார். அங்கே ஃபால்வெல்லின் கை எட்டவில்லை. பெட்ரோல் விலை எட்டியது. ஆகவே அந்த ஆண்டு ஆட்சியை மாற்றியது மதம் அல்ல என்று துணிந்து சொல்வேன். தெற்கில் தோல்வியின் அளவைக் கூட்டியது, அவ்வளவுதான். கறுப்பின பாப்டிஸ்டுகள், வேதாகமத்தை அதே பக்தியோடு படிப்பவர்கள், பெருவாரியாகக் கார்ட்டருடனேயே நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கலாம்: கைதிகள் விடுதலையைத் தள்ளிப்போட ரீகன் தரப்பு ஈரானுடன் ரகசியமாகப் பேசியதா? 1993-ல் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. 2023-ல் டெக்சாஸின் முன்னாள் துணை ஆளுநர் பென் பார்ன்ஸ் அளித்த வாக்குமூலத்தால் பேச்சு மறுபடி கிளம்பியது. நான் அதை வைத்துத் தேர்தலை விளக்க மாட்டேன். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஈரான் நாடாளுமன்றம் நிபந்தனைகளை அறிவித்து, கார்ட்டர் சிகாகோவிலிருந்து விடியுமுன் வாஷிங்டன் திரும்பி, விடுதலை இல்லை என்று நாட்டுக்குச் சொல்ல நேர்ந்ததே போதுமானதாக இருந்தது. வாக்குப்பதிவு நாள் தூதரகம் பிடிபட்டதன் முதலாண்டு நிறைவு. கைதிகள் 52 பேரும் 444-ஆம் நாள், 1981 ஜனவரி 20 அன்று, ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் புறப்பட்டார்கள்.

பின்னால் நடந்ததையும் பாருங்கள், மூன்றும் எவ்வளவு வேறு வேறு குணமுள்ளவை என்று தெரியும். தெஹ்ரான் விவகாரம் தேர்தல் அரசியலிலிருந்து அன்றோடு இறங்கிவிட்டது. பொருளாதார வாக்காளர் 1982 மந்தத்தில் ரீகன் கட்சியையே தண்டித்து, பிரதிநிதிகள் அவையில் 26 இடங்களைப் பறித்தார். 1984-ல் விலை அடங்கியதும் மன்னித்தார். சபைகளுக்குக் கிடைத்தது என்ன? 1981-ல் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த சாண்ட்ரா டே ஓ'கானரை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பள்ளியில் பிரார்த்தனையை அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1984 மார்ச்சில் செனட்டில் 56-க்கு 44 என்று வந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு 11 வாக்கு குறைந்து விழுந்தது. ஆனாலும் அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் முன்னிலும் அதிகமாக ரீகனுக்கே வாக்களித்தார்கள். அதன்பின் குடியரசுக் கட்சியைவிட்டு அவர்கள் நகரவே இல்லை. 2000-ல் தென் மாநில பாப்டிஸ்ட் பேரவையிலிருந்து வெளியேறியவர் கார்ட்டர். பிளெயின்ஸின் சிறிய மரனாதா சபையில் தொண்ணூறு வயது கடந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் நடத்திக்கொண்டிருந்தார்.